வேர்ப் பங்கசும் நாற்றின் மருத்துவக் குணமும்: வன்னித் தோட்டக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மிளகாய், கத்தரி, தக்காளி, பாகல், வெங்காயம் என்று வன்னியில் நாம் வைக்கும் மரக்கறிகளில் பெரும்பாலானவற்றின் வேருக்குள் ஒரு நன்மை செய்யும் பங்கசு (வேர்ப் பங்கசு, ஆங்கிலத்தில் மைக்கோரைசா) குடியேறும். நாற்றழுகலைத் தரும் பங்கசு வேறு, இது வேறு. இது வேரின் கலங்களுக்குள் சின்ன மரம் போலக் கிளை விட்டு, அங்கிருந்து மண்ணுக்குள் மெல்லிய இழைகளை நீட்டும். செடி தான் ஆக்கிய சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கும். பங்கசு பொசுபரசு, நாகம், செம்பு, கொஞ்சம் நீர் என்று கொண்டுவந்து கொடுக்கும். ஸ்கொட்லாந்தின் ரைனி என்ற இடத்துப் பாறைகளில் சுமார் 40 கோடி ஆண்டு பழமையான தாவரங்களுக்குள்ளும் இதே வகைப் பங்கசின் கிளைகள் கல்லாகி இருக்கின்றன. தரையில் வாழும் தாவரங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு இந்த உறவு உண்டு.

இந்த உறவு செடியின் வளர்ச்சியை மட்டுமல்ல, இலையிலும் காயிலும் இருக்கும் மருத்துவக் கூறுகளையும் மாற்றுகிறது. செடி தன்னைக் காக்க ஆக்கும் பினோல் சேர்மங்கள், பிளாவனொயிட்டுகள், கரட்டினொயிட்டுகள் என்ற மஞ்சள், செம்மஞ்சள் நிறப்பொருட்கள், வாசனை எண்ணெய்கள், கசப்புப் பொருட்கள் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் "பங்கசு போட்டால் மருத்துவக் குணம் கூடும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. எந்தப் பயிர், எந்தப் பங்கசு, மண்ணில் எவ்வளவு பொசுபரசு, நாற்றுக்கு எத்தனை நாள் வயது என்ற நான்கும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. அந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படி என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

உள்ளே என்ன நடக்கிறது

பொசுபரசு மண்ணில் நகராத சத்து. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றரில் இருப்பதை எடுத்து முடித்துவிட்டால், அதற்கு அப்பால் இருப்பது கைக்கு எட்டாது. நமது செம்மண்ணில் இரும்பும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கல்சியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பங்கசு இழை வேர்மயிரை விட மெல்லியது. வேர் நுழைய முடியாத துளைகளுக்குள்ளும் புகுந்து பல சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து பொசுபரசைக் கொண்டுவரும்.

பொசுபரசு குறையும்போது வேரே பங்கசைக் கூப்பிடும். ஸ்ட்ரைகோலக்டோன் என்ற பொருளை வேர் மண்ணுக்குள் விடுகிறது, அதை உணர்ந்த பங்கசு கிளை விட்டு வேரைத் தேடி வருகிறது. யப்பானிய ஆய்வாளர்கள் 2005 இல் இதைக் காட்டினார்கள். பொசுபரசு தாராளமாகக் கிடைக்கும் நாற்று அந்தப் பொருளை மிகக் குறைவாகவே விடும், வந்த பங்கசையும் உள்ளே பரவ விடாது. ஆகவே ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை போட்ட நாற்றுமேடையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பங்கசைப் போட்டாலும் வீண். கீழே வரும் படிகளில் எதைத் தவறவிட்டாலும் இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

இனி மருத்துவக் கூறுகளுக்கு வருவோம். பங்கசு வேருக்குள் நுழையும் முதல் நாட்களில் செடி அதை அந்நியனாகவே பார்க்கிறது. பாதுகாப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பினோல்களை ஆக்கும் நொதியம் முடுக்கிவிடப்படுகிறது. பிறகு செடி பங்கசை அடையாளம் கண்டு அமைதியாகிறது. ஆனால் அந்த விழிப்பு முழுதாக அணைவதில்லை. அடுத்து ஒரு புழுவோ நோயோ வந்தால் விரைவாகப் பதில் கொடுக்கும் நிலையில் செடி நிற்கிறது, அந்த ஆயத்தத்தின் ஒரு பகுதியாக இலையிலும் பினோல்கள் கூடலாம். இரண்டாவது வழி கரட்டினொயிட்டுகள். பங்கசு வாழும் வேரில் அவற்றை ஆக்கும் பாதை சுறுசுறுப்படைகிறது. அதனால்தான் பங்கசு பிடித்த சோள வேர் சில வேளை வெறுங்கண்ணுக்கே மஞ்சளாகத் தெரியும். வேரில் உண்டாகும் புளுமெனோல் என்ற கரட்டினொயிட்டுத் துண்டுகள் இலை வரை போகின்றன என்றும், இலையைச் சோதித்தே வேரில் பங்கசு இருப்பதை அறியலாம் என்றும் 2018 இல் காட்டினார்கள். மூன்றாவது வழி சாதாரணமானது: நாகமும் செம்பும் கூடக் கிடைத்தால், அவை தேவைப்படும் நொதியங்கள் நன்றாக வேலை செய்யும்.

எதிர்த் திசையிலும் ஒரு விடயம் இருக்கிறது. பங்கசினால் செடி பெருத்து இலை அகன்றால், அதே அளவு மருந்துப் பொருள் பெரிய இலையில் பரவி நிற்கும். அப்போது ஒரு கிராம் இலைக்கு எவ்வளவு என்று அளந்தால் குறைந்திருக்கும், ஒரு செடிக்கு எவ்வளவு என்று அளந்தால் கூடியிருக்கும். இரண்டும் உண்மை. இதைப் பிரித்துப் பார்க்காமல் சொல்லப்படும் எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

எந்தப் பயிரில் எதை எதிர்பார்க்கலாம்

தக்காளியில் பங்கசு கூடிய செடிகளின் பழத்தில் லைக்கோபீன் கூடியதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. நாற்றுப் பருவத்தில் லைக்கோபீன் இல்லை, அது பழத்தின் நிறப்பொருள். அங்கே இலையின் பினோல்களைத்தான் பார்க்க வேண்டும். மிளகாயும் அப்படியே. உறைப்பைத் தரும் கப்சேசின் காயின் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் உண்டாகிறது, நாற்றின் இலையைக் கடித்துப் பார்த்து உறைப்பை முடிவுசெய்ய முடியாது. தக்காளி, கத்தரி நாற்றுகளின் இலையைச் சோதிக்கலாம், சாப்பிடக் கூடாது.

சலாது இலையில் கரட்டினொயிட்டும் அந்தோசயனினும் பினோல்களும் கூடியிருக்கின்றன, ஆனால் இனத்துக்கு இனமும், வெளியிலைக்கும் உள்ளிலைக்கும் வேறுபாடு உண்டு. துளசிக் குடும்பத்து வாசனைச் செடிகளில் ரொஸ்மரினிக் அமிலம் கூடியதைக் கண்டிருக்கிறார்கள். முருங்கை ஒரு ஆச்சரியம். கோவாவும் கடுகும் இருக்கும் வரிசையைச் சேர்ந்தது அது, அவற்றின் காரமான குளுக்கோசினோலேற்று அதிலும் உண்டு. ஆனால் கோவா போலப் பங்கசை விலக்காமல் வேருக்குள் இடம் கொடுக்கிறது. எந்தப் பங்கசினம் வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்து முருங்கை இலையின் அந்தக் கூறுகள் மாறுகின்றன.

வல்லாரைக்குத் தனியாக ஒரு சொல். குளக்கட்டின் ஈரத்தில் தானாக வளரும் இந்தக் கீரையின் முக்கிய மருந்துப்பொருள் ஏசியாற்றிக்கோசைட்டு. இந்தியாவின் தார் பாலைவன மண்ணில் கண்டெடுக்கப்பட்ட பிரிபோர்மோஸ்போரா இண்டிகா என்ற பங்கசை வல்லாரை வேரில் சேர்த்தபோது அது கூடியது. அந்தப் பங்கசு நான் இங்கே பேசும் வகை அல்ல. அதை ஆய்வுகூடத்தில் செடி இல்லாமலே வளர்க்கலாம். நமது மண்ணின் பங்கசு உயிருள்ள வேர் இல்லாமல் பெருகாது. வாங்கும் பொட்டலத்தில் எது இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பங்கசு வேண்டாத பயிர்களும் உண்டு: கோவா, நோக்கோல், கடுகு, முள்ளங்கி, முளைக்கீரை, பொன்னாங்காணி, பீற்றூட். இவற்றின் குடும்பங்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. இவற்றின் நாற்றுக்குச் செலவழிக்காதீர்கள்.

முதற் படி: தாய்மண் எடுப்பது

கடையில் வாங்காமல், நமது மண்ணிலிருந்தே பங்கசைப் பெருக்குவதைத்தான் நான் விரும்புகிறேன். இங்கே சோளகக் காற்றிலும் பல மாத வரட்சியிலும் பிழைத்த பங்கசு இந்த வெயிலுக்குப் பழகியது. அது இலவசமும் கூட.

சொந்தக் காணியின் வேலியோரம், வேம்பு அல்லது இலுப்பையின் கீழே புல் அடர்ந்த இடம், பல காலம் பசளையும் மருந்தும் படாத மேட்டுநிலம் ஆகியவை நல்லவை. மேல் 5 சென்ரிமீற்றரை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே 20 சென்ரிமீற்றர் வரை, மெல்லிய வேர்களுடன் மண்ணை எடுங்கள், இதுதான் தாய்மண். ஒரே குழியில் எடுக்காமல் ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்தால் பல இனங்கள் சேரும். வேர் இல்லாத வெறும் மண் அவ்வளவு பயன் தராது.

எங்கே எடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். மண்டையோட்டுப் பலகை நட்ட இடம், கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத இடம், யாருக்கும் நிச்சயமில்லாத பற்றை எதிலும் மண்வெட்டி வைக்காதீர்கள். ஒரு வாளி மண்ணுக்காக அந்த ஆபத்து வேண்டாம். ஒதுக்கப்பட்ட காட்டிலும் எடுக்க வேண்டாம். கத்தரியோ தக்காளியோ வாடிச் செத்த தோட்டத்து மண்ணும் ஆகாது, வாடல் நோயையும் வேர்முடிச்சு வட்டப்புழுவையும் சேர்த்தே பெருக்கிவிடுவீர்கள்.

மேல்மண் வழிக்கப்பட்ட காணிகளிலும், புல்லும் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த நிலத்திலும் பங்கசு மிகக் குறைவாக இருக்கும். அந்தக் காணிக்காரருக்குத்தான் இந்த வேலை அதிகம் தேவை.

இரண்டாம் படி: பெருக்குவது

பாலுக்கு உறைமோர் போலத்தான் தாய்மண். கொஞ்சம் போதும், ஆனால் அது பெருக ஏற்ற இடம் வேண்டும். ஆற்றுமணல் மூன்று பங்கு, சாதாரண மண் ஒரு பங்கு கலந்து ஈரமாக்கி, கண்ணாடி போன்ற பொலித்தீனால் இறுக்கி மூடி நல்ல வெயிலில் 4 முதல் 6 வாரம் வையுங்கள். சித்திரை வெயில் இதற்கென்றே வந்தது போல இருக்கும். அவசரமென்றால் கிடாரத்தில் நீராவியில் ஒன்றரை மணித்தியாலம் அவித்து ஆறவிடலாம்.

துளையிட்ட பேசின் அல்லது நன்றாகக் கழுவிய உரப்பையில் இந்தக் கலவையை முக்கால்வாசி நிரப்பி, அதன் மேல் தாய்மண்ணையும் நறுக்கிய வேரையும் ஒரு படையாகப் போட்டு, மேலே மீண்டும் கலவையால் மூடுங்கள். ஐந்துக்கு ஒன்று அளவு தாய்மண் போதும். பைகளை நிலத்தில் வைக்காமல் கல்லின் மேல் தூக்கி வையுங்கள், மண் தெறித்தால் நோய் ஏறும்.

வைகாசியில் சோளம் அல்லது இறுங்கை விதையுங்கள், ஓரத்தில் கொஞ்சம் சின்ன வெங்காயமும் வைக்கலாம். வெங்காயத்துக்கு வேர்மயிர் குறைவு, பங்கசை நம்பித்தான் வாழும். கிணற்றுத் தண்ணீர் அளவாக விடுங்கள். ரி.எஸ்.பி. வேண்டாம், கோழி எரு வேண்டவே வேண்டாம், அதில் பொசுபரசு அதிகம். இலை வெளிறினால் மிகக் கொஞ்சம் யூரியாவைக் கரைத்து விடலாம். இந்தப் பங்கசு நைதரசன் தரும் உயிர் அல்ல, யூரியாவுக்கு மாற்றாக யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

முடிவதற்கு ஆறு வாரத்துக்கு முன்னர் ஒவ்வொரு பையின் ஓரத்திலும் இரண்டு தக்காளி விதை போடுங்கள். கடைசியில் அவற்றைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். முடிச்சு இருந்தாலோ செடி பச்சையாகவே வாடிச் சரிந்தாலோ அந்தப் பையை முழுவதுமாக ஒதுக்குங்கள். பெருக்கும் வேலையில் இது மிக முக்கியமான சோதனை. நோயுள்ள ஒரு பை முழு நாற்றுமேடையையும் கெடுத்துவிடும்.

மூன்று மாதம் கழித்து ஆவணியில் தண்ணீரை நிறுத்துங்கள். செடி வாடத் தொடங்கும்போது பங்கசு வித்திகளை ஆக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். இரண்டு வாரத்தில் செடியை அடியோடு வெட்டி, வேரைச் சின்னதாக நறுக்கி மண்ணோடு கலந்து, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான பையில் கட்டுங்கள், இதுதான் பங்கசு மண். வெயில் படும் தகரக் கொட்டிலில் வைக்காதீர்கள். காலபோக நாற்றுமேடைக்கு அது சரியாகக் கைக்கு வரும்.

மூன்றாம் படி: நாற்றுமேடை

தும்புத்தூள், மணல், சலித்த பழைய கூட்டெரு, உமிக்கரி கலந்த கலவை நன்று. கூட்டெரு நாலில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். தட்டில் நாற்று வைப்பவர்கள் ஒவ்வொரு குழியிலும் ஒரு தேக்கரண்டி பங்கசு மண்ணைப் போட்டு, அதன் மேல் மெல்லிய படை கலவை இட்டு, விதையை வையுங்கள். முளைவேர் கீழே இறங்கும்போது அதைத் தொட்டே போக வேண்டும். மேலே தூவினால் பயனில்லை. பாத்தி என்றால் விதை வரிசைக்குக் கீழே கோடு கீறி அதில் இடுங்கள்.

கடை விதையில் சிவப்பு நிறம் பூசியிருந்தால் அது பங்கசுநாசினியாக இருக்கலாம். பங்கசு மண்ணை விதையோடு ஒட்டாமல் இரண்டு சென்ரிமீற்றர் கீழே வையுங்கள். நாற்றழுகல் பயத்தில் கார்பெண்டசிம் போன்ற ஊடுருவும் பங்கசுநாசினியை மண்ணில் ஊற்றினால் நன்மைப் பங்கசும் போகும். மாலையில் தண்ணீர் விடாமல் காலையில் விடுவது, நெருக்கி விதைக்காமல் இருப்பது, நிழலைக் குறைப்பது ஆகியவையே பெரும்பாலும் போதும்.

முதல் மூன்று வாரத்தில் பங்கசு போட்ட நாற்று சற்றுக் குட்டையாகக் கூட நிற்கலாம். சர்க்கரையில் ஒரு பங்கு கீழே போகிறது, பதிலுக்கு இன்னும் எதுவும் வரவில்லை. அந்த நேரம் பயந்து ரி.எஸ்.பி. போட்டால் எல்லாம் பாழ். தக்காளி நாற்று 25 நாளளவில் தோட்டத்துக்குப் போகும், மிளகாய் ஒரு மாதத்துக்கு மேல் மேடையில் நிற்கும். அதனால் நாற்றிலேயே மாற்றத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்கு மிளகாய் தக்காளியை விட நல்ல பயிர்.

நான்காம் படி: பங்கசு வந்ததா, கூறு கூடியதா

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள், எனக்கோ இதுதான் மிகப் பிடித்த பகுதி. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஆசிரியரின் மேற்பார்வையில் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். மெல்லிய வேர்களைக் கழுவி, 10 வீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் சூடாக்கி வெளுக்கச் செய்து, நன்றாகக் கழுவி, வெள்ளை வினாகிரியில் 5 வீதம் கறுப்பு மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, சில துளி வினாகிரி விட்ட தண்ணீரில் ஊறவிடுங்கள். நுணுக்குக்காட்டியில் வேருக்குள் மையின் நிறம் ஏறிய இழைகளும், முட்டை போன்ற பைகளும், அதிர்ஷ்டமிருந்தால் குட்டி மரக்கிளைகளும் தெரியும். ஐதரொட்சைட்டு தோலையும் கண்ணையும் எரிக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது.

ஒப்பிட ஒரு தட்டு வேண்டும், அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். பங்கசு போடாத தட்டை வெறுமனே விட்டால் ஒப்பீடு பிழைக்கும், ஏனென்றால் பங்கசு மண்ணில் பற்றீரியாவும் சத்தும் இருக்கின்றன. அதே அளவு பங்கசு மண்ணை நீராவியில் அவித்துப் போடுங்கள். அவிக்காத மண்ணைத் தண்ணீரில் கரைத்து, வடிதாளில் வடித்த நீரையும் அந்தத் தட்டுக்கு விடுங்கள். இழையும் வித்தியும் தாளில் தங்கிவிடும், பற்றீரியாவில் பெரும்பகுதி கடந்து போகும். முடிந்தால் மூன்றாவது தட்டு ஒன்று வைத்து, அவித்த மண்ணோடு கொஞ்சம் ரி.எஸ்.பி.யும் கொடுங்கள். பங்கசு நாற்றும் இதுவும் ஒரே உயரத்தில் இருந்தும் இலையின் கூறு வேறாக இருந்தால், அது வெறும் பொசுபரசின் வேலை அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம்.

இலை பறிக்கும்போது ஒரே நாள், ஒரே நேரம், உச்சியிலிருந்து ஒரே இடத்து இலை. வெயில் கூடப் பட்ட இலையில் பினோல் தானாகவே கூடும், ஆகவே தட்டுகளை இரண்டு நாளுக்கு ஒரு தடவை இடம் மாற்றி வைத்திருக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, நிறுத்து, சம எடை தூளைச் சம அளவு சுடுநீரில் ஊறவைத்து வடியுங்கள். பெரிக் குளோரைட்டு கரைசலில் சில துளி விட்டால் பினோல்கள் கரும்பச்சை அல்லது கருநீலமாகும். எது கடுமையான நிறம் என்று பெயர் மறைத்த குப்பிகளை வேறொருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். இது பருமட்டான சோதனைதான், எந்தப் பினோல் என்று சொல்லாது. எண்ணிக்கை வேண்டுமென்றால் மொத்தப் பினோலை நிறத்தால் அளக்கும் போலின் சியோகல்ற்றோ முறையும் நிறமானியும் தேவை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்களும் தட்டு வைத்திருக்கும் விவசாயிகளும் சேர்ந்தால் வன்னி மண்ணுக்கான கணக்கு வன்னியிலேயே கிடைக்கும் என்பது என் பெரிய ஆசை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாற்றின் இலையில் ஒரு கூறு கூடியிருப்பது வேறு, அதைச் சாப்பிட்டவருக்கு நோய் குறைவது வேறு. பாகல், வெந்தயம், வல்லாரை எதுவாக இருந்தாலும், சலரோகத்துக்கு வைத்தியர் தந்த குளிசையை இதை நம்பி நிறுத்தக் கூடாது. விற்பவர்களும் அப்படி எழுதி விற்கக் கூடாது.

ஐந்தாம் படி: தோட்டத்தில் காப்பது

நாற்றை வேர்மண் உதிராமல் நடுங்கள். வேர் உதறி, கட்டுக் கட்டி, தண்ணீரில் கழுவி நடும் பழக்கம் வெளி இழைகளை அறுத்துவிடும். அடிப்பசளையாக ரி.எஸ்.பி. போடுபவர்கள், முதலில் மண்ணைப் பரிசோதித்துப் பார்த்து, தேவையான அளவை மட்டும் போடுங்கள். பல போகமாகப் போட்டுவந்த தோட்டத்தில் பொசுபரசு ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும். கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ மண் பரிசோதனை பற்றிக் கேட்கலாம்.

ஆழ உழுது உழுது புரட்டினால் இழைவலை கிழியும். போகம் முடிந்து மாரித் தண்ணீர் வற்றும்போது நிலத்தை வெறுமையாக விடாமல் கௌபி, பயறு, கச்சான் ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுங்கள். மரவள்ளி இருக்கும் மூலை பங்கசு செழிக்கும் மூலை, அடுத்த வருடத் தாய்மண்ணுக்கு அங்கே போகலாம். கோவாவோ முளைக்கீரையோ வைத்த பாத்தியில் அடுத்ததாக மிளகாய் வைப்பதென்றால், இடையில் ஒரு பயறு விதைத்து எடுங்கள், அல்லது மிளகாய்க் கன்றின் குழிக்கு ஒரு பிடி பங்கசு மண் போடுங்கள்.